லட்டு எப்படி வாய்க்குள் போனது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

‘மாயாபஜார்’ படத்தை முழுமையாகப் பார்க்காதவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கலாம். ஆனால் கடோத்கஜன் தனி ஒருவனாக அமர்ந்து கல்யாண விருந்து முழுவதையும் உண்டு தீர்க்கும் அந்தப் பாட்டுக் காட்சியைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பாத்திரங்கள் தாமாக நகர்கின்றன. லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குள் போகின்றன. 1957-இல் வந்த படம். இன்றும் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருப்பதில்லை.

சென்ற தீபாவளி விடுமுறையில் என் ஆயாவுக்கு அந்தக் காட்சியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். ஆயாவுக்கு வயது 75. எழுதப் படிக்கத் தெரியாது. சிறு பெண்ணாக இருந்தபோது முடிச்சூர்ப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தவர். சிரித்துக்கொண்டே பார்த்துக் கொண்டிருந்தவரை நான் சும்மா விட்டேனா? பாதியில் படத்தை நிறுத்தி, “ஆயா, இது நிஜமில்லை. காமிராவை நிறுத்தி நிறுத்தி எடுத்தது” என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஆயா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பூக் கூடையின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

“நாலு எழுத்துப் படிச்சிட்டா, கெழவி பார்த்துச் சிரிக்கிறதையும் கெடுக்கணுமா?” என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல். அப்பா வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். வீட்டில் நான் எது சொன்னாலும் “படிச்ச பையன் சொல்றான்” என்று கேட்டுக்கொள்வார்கள். அம்மாவின் அந்தச் சொல் என்னை உறுத்தியது. அதைவிட இன்னொன்றும் உறுத்தியது: நான் ஆயாவிடம் சொன்ன விளக்கம் அரைகுறையானது. உண்மையில் அந்த லட்டு எப்படிப் போகிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது. எனவே தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் கதைக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். “அவன் மறைந்தான்” என்று ஓர் எழுத்தாளர் எழுதிவிடலாம். அவருக்குச் செலவு இரண்டு சொற்கள். எப்படி மறைந்தான், புகையாகவா, காற்றாகவா என்பதையெல்லாம் படிப்பவர் தம் மனத்தில் செய்துகொள்வார். படம் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. மறைவதற்கு முன் அவன் நின்றதையும் காட்ட வேண்டும், மறைந்தபின் வெறும் இடத்தையும் காட்ட வேண்டும். இடையில் நடந்ததை மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட வேண்டும். மாயக் கதைகளைப் படமாக்கும் தந்திரங்கள் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தால், எங்கோ ஓர் ஒட்டு இருக்கும். அந்த ஒட்டை மறைப்பதுதான் முழு வித்தையும்.

நம் சென்னையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. வடபழனியில் நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் விஜயா நிறுவனம் 1951-இல் ‘பாதாள பைரவி’யைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தது. இயக்குநர் கே. வி. ரெட்டி; ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. மதிர சுப்பன்ன தீட்சிதர் தெலுங்கில் எழுதிய ‘காசி மஜிலி கதைகள்’ என்ற நூலில் உள்ள கதையே அதற்கு மூலம். தோட்டக்காரன் மகன் ஒருவனைப் பலி கொடுத்து, கேட்டதைத் தரும் பதுமையைப் பெற நினைக்கிறான் ஒரு மந்திரவாதி. ஆனால் அவனே பலியாகிறான். ஆறு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநரும் அதே ஒளிப்பதிவாளரும் ‘மாயாபஜா’ரை எடுத்தார்கள். இது வியாசர் எழுதிய கதை அன்று. நாடக மேடையில் வளர்ந்து, அதற்கு முன்பே படமாகவும் வந்த வழக்குக் கதை. இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? பாரதக் கதை என்கிறோம், ஆனால் படத்தில் பஞ்சபாண்டவர் ஒருவர் கூடத் திரையில் வருவதில்லை! அபிமன்யுவும் கடோத்கஜனும் போதும் என்று விட்டுவிட்டார்கள். யாரும் தேடவும் இல்லை. எதை விடுவது என்று தெரிவதும் தந்திரங்களில் ஒன்றே.

இனி ஒட்டுகளுக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் எளியது, காமிராவை நிறுத்திப் பொருளை மாற்றுவது. பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே இதைத் தற்செயலாகக் கண்டதாகத் தாமே சொல்லியிருக்கிறார். பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படம் பிடித்துக் கொண்டிருந்தபோது காமிரா சற்று நேரம் சிக்கிக்கொண்டதாம். சரிசெய்து மீண்டும் சுற்றினார். பிலிமைக் கழுவித் திரையிட்டால், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி திடீரென்று சவ வண்டியாக மாறிவிட்டது! தொழிலால் அவர் மேடை மந்திரவாதி; விடுவாரா? ஜூல்ஸ் வெர்னின் நாவலிலிருந்து கருத்தை எடுத்துக்கொண்டு 1902-இல் சந்திரனுக்கே ஆளனுப்பிப் படம் எடுத்தார். ‘பாதாள பைரவி’யில் முதலை சாபம் நீங்கித் தேவமங்கையாகும் இடத்தைப் பார்க்கும்போது மெலியேயின் நினைவு வராமல் இராது.

அடுத்தது, ஒரே பிலிமில் இருமுறை எடுப்பது. அலெக்சாந்தர் டூமா 1844-இல் எழுதிய ‘கார்சிகச் சகோதரர்கள்’ என்ற கதையைத் தழுவி, ஜெமினி ஸ்டுடியோ 1949-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தை எடுத்தது. இரட்டையர் இருவராகவும் எம். கே. ராதாவே நடித்தார். இத்தகைய காட்சிக்குக் காமிராவின் முன் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, நடிகரை இடம் மாற்றி நிறுத்தி, மீண்டும் எடுப்பார்கள். இடையில் காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும் சுவர் இரண்டாக உடைந்து தெரியும். இரண்டாவது முறை தவறினால் முதல் முறை நன்றாக நடித்ததும் வீண். ஒட்டு விழும் இடத்தில் ஒரு தூணோ கதவின் ஓரமோ இருந்தால் கண் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் அந்தக் கதையின் உண்மையான மாயம் வேறு. ஒருவனுக்குப் படும் துன்பம் தொலைவில் இருக்கும் மற்றவனுக்கு வலிக்கிறது. இதற்குத் தகடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இவன் முகம், உடனே அவன் முகம். வெட்டி ஒட்டினால் போதும்.

எச். ஜி. வெல்சின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ 1933-இல் ஹாலிவுட்டில் படமானபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நடிகரை உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு வெல்வெட்டால் மூடி, அதன்மேல் சட்டை போட்டு, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நடக்க விட்டார்கள். வெல்வெட்டிலிருந்து ஒளி திரும்புவதில்லை. ஒளி வராத இடத்தில் பிலிமில் ஒன்றும் பதிவதில்லை. சட்டை மட்டும் நடந்தது. அதை அறைக் காட்சியோடு சேர்த்தார்கள். இன்று பச்சைத் திரையும் கணினியும் செய்வது இதே வேலையைத்தான்.

அடுத்து நிலவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

‘மாயாபஜா’ரில் அபிமன்யுவும் வத்சலாவும் படகில் போகும் நிலாப் பாட்டை எல்லோரும் அறிவர். நிலவொளி என்பது சந்திரன் திருப்பியனுப்பும் சூரிய ஒளியே. ஆனால் முழுநிலா அன்றுகூட அது வெயிலைவிடச் சுமார் 4 இலட்சம் மடங்கு மங்கல். அக்காலத்துப் பிலிமில் உண்மையான நிலவொளியில் எடுத்தால் இருட்டுதான் பதியும். எனவே நிலவை உண்டாக்கியே தீர வேண்டும். மார்க்கஸ் பார்ட்லி உண்டாக்கிய நிலவுக்கு இன்றுவரை பெயர் இருக்கிறது. வெளிப்புறத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுக்கும் முறை ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படமானால் காமிராவுக்கு முன் சிவப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துவார்கள். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை விடாது. ஆகவே நீல வானம் கறுத்துவிடும். உள்ளே விடும் ஒளியையும் குறைத்துவிடுவார்கள். சூரியன் காமிராவின் பின்னால் இருக்கக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் இருந்தால்தான் தண்ணீர் மினுமினுக்கும். சிவப்புக் கண்ணாடி வழியே உதட்டுச் சாயம் வெளுத்துத் தெரியும் என்பதால் ஒப்பனையையும் மாற்ற வேண்டும்.

இதைச் செய்து பார்க்காமல் எழுதுவதா? பூச்செண்டு சுற்றித் தரும் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கைப்பேசியில் ஒட்டிக்கொண்டு, மாலை நான்கு மணிக்குப் பீர்க்கன்காரணை ஏரிக்கரைக்குப் போனேன். முதலில் எடுத்தது படுதோல்வி. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி தானாகவே கூட்டிக்கொள்கிறது; அதை அடக்கக் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் ஆயிற்று. சூரியன் இருக்கும் பக்கத்து வானம் நீலமாக இல்லாமல் வெளுத்திருந்ததால் கறுக்கவே இல்லை. வானத்தை விட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்தேன். அப்போது, நண்பர்களே, ஏரியில் நிலவு எறித்தது! ஓடி வந்து அப்பாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், “ராத்திரியில எந்த லாரிக்காரன்டா லைட்டு போடாம ஜி.எஸ்.டி. ரோட்டுல போறான்?” என்றார். படத்தின் ஓரத்தில் சாலை தெரிந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

படகு ஓடும் காட்சி முழுவதையும் தண்ணீரிலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் இருக்கும். நம் வண்டி நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் எழும்பூர் செல்லும் எக்ஸ்பிரஸ் நகரும். ஒரு கணம் நம் வண்டிதான் பின்னால் போகிறது என்று வயிறு கலங்கும். ஜன்னல் முழுவதும் ஒன்று நகர்ந்தால் நாம் நகர்வதாகவே கண் நம்புகிறது. ஸ்டுடியோக்காரர்கள் இந்த நம்பிக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். படகையோ காரையோ ஒரே இடத்தில் நிறுத்தி லேசாக ஆட்டுவார்கள். பின்னால் ஒரு மெல்லிய திரையில், அதன் பின்பக்கத்திலிருந்து, முன்பே எடுத்த ஆற்றையோ சாலையையோ ஓட்டுவார்கள். காமிராவின் இமையும் புரொஜெக்டரின் இமையும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூட வேண்டும். தவறினால் ஆறு மினுக்கும்.

துவாரகை நகரம் வேறு வகை. ஏறக்குறைய 50 அடிக்கு 60 அடி இடத்தில் சுமார் 300 சின்னஞ்சிறு வீடுகளை வைத்து, விளக்கேற்றி, அதை ஒரு மாநகரமாகக் காட்டினார்கள். மாதிரி நகரம் நின்றுகொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. இடிந்து விழ வேண்டுமென்றால்தான் இயற்பியல் வேலையைக் காட்டும். 16 அடி உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஒரு விநாடி ஆகும். அதையே பதினாறில் ஒரு பங்காக, ஓரடி உயரத்தில் செய்தால் கால் விநாடியில் விழுந்துவிடும். பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் காமிராவை நான்கு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 24 படங்களுக்குப் பதில் 96 படங்களாக ஓட்டுவார்கள். வழக்கமான வேகத்தில் திரையிடும்போது கல் ஒரு விநாடியில் விழும். முதலாண்டில் நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய சமன்பாடுதான் இது. அது ஸ்டுடியோவுக்குள்ளும் இருக்கிறது என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்திருக்க மாட்டேன்.

சரி, லட்டு?

ஒரு பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மேலும் சிறிது நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, வரிசையாக ஓட்டினால் அது தானாக நகர்வதுபோல் தோன்றும். இதுவே நான் ஆயாவிடம் பாதி சொன்னது. கோனன் டாயில் எழுதிய நாவலுக்காக 1925-இல் மறைந்துபோன மிருகங்களை நடக்க வைத்ததும் இதே முறைதான். கோனார்க் கோயில் சிற்பி பட்ட பொறுமை வேண்டும் இதற்கு. தீபாவளி லட்டு பன்னிரண்டு மீதமிருந்தது. தட்டில் வைத்து, விநாடிக்கு 12 படம் என்ற கணக்கில், பத்து விநாடிக்கு 120 படங்கள் எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஜன்னல் வெயில் சுவரில் நகர்ந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் லட்டு மெதுவாகவும் சூரியன் வேகமாகவும் ஓடின! ஸ்டுடியோவில் ஏன் கதவை அடைத்து விளக்குப் போட்டு எடுக்கிறார்கள் என்பது அப்போது விளங்கியது.

தட்டில் நகர்வது சரி, வாய்க்குப் பறப்பது? அதற்கு ஓர் எளிய வழி, தலைகீழாக எடுப்பது. லட்டைக் கறுப்பு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஆயாவின் பூ நூலை முதலில் எடுத்தேன். வெள்ளை நூல் என்பதால் பளிச்சென்று தெரிந்தது. கடோத்கஜன் என் தம்பி. வாயருகே லட்டைப் பிடித்து விட்டுவிட்டால் ஊஞ்சலாய்ப் பின்னால் போகும். அதைத் திருப்பி ஓட்டினால் லட்டு பறந்து வந்து வாயருகே நிற்கும். ஊசலின் இயக்கம் முன்னோக்கிப் பார்த்தாலும் பின்னோக்கிப் பார்த்தாலும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணுக்குச் சந்தேகம் வராது. ஆனால் காட்டிக்கொடுத்தது ஒரு பூந்தி. லட்டிலிருந்து உதிர்ந்து தரையில் விழுந்த பூந்தி, திருப்பி ஓட்டும்போது தரையிலிருந்து எழும்பிப் போய் லட்டில் ஒட்டிக்கொண்டது. மீண்டும் எடுத்தோம். இம்முறை நூலும் தெரியவில்லை, பூந்தியும் உதிரவில்லை. ஆனாலும் காட்சி செத்துக் கிடந்தது. ஏன்?

தம்பி லட்டைப் பார்க்கவில்லை. “சரியா பண்றேனா?” என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிறகுதான் எஸ். வி. ரங்காராவைத் திரும்பப் பார்த்தேன். உணவைப் பார்க்கும் அந்தக் கண்கள்! அடுத்தது எது என்று தேடும் புருவம்! லட்டை நம் கண்ணுக்கு உண்மையாக்குவது நூலும் காமிராவும் பாதி. அவருடைய பசி மீதி. அதைவிடப் பெரிய அதிசயம் சாவித்திரி. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறித் திருமணத்துக்குப் போகிறான். கதையில் “உருமாறினான்” என்ற ஒரு சொல். திரையில் உருமாறும் கணம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு பட்டுச்சேலையும் நகையும் அணிந்த ஒரு பெண்ணுக்குள் ஓர் அரக்கன் இருக்கிறான் என்பதை யார் காட்டுவது? தோளைத் தூக்கி, காலை அகல வைத்து நடந்து, யாரோ வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று நாணிக் குனிந்து, மாப்பிள்ளையின் காலை ஓங்கி மிதித்து, அந்த அம்மையார் அதைச் செய்து காட்டியிருக்கிறார். பல நாள் அந்தக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று தேடினேன். அகப்படவில்லை.

அவர்கள் இதையெல்லாம் செய்த வடபழனி ஸ்டுடியோ வளாகத்தில் இன்று மருத்துவமனையும் பெரிய கடைத்தொகுதியும் இருக்கின்றன. 2010-இல் தெலுங்கு ‘மாயாபஜா’ருக்குக் கணினியால் வர்ணம் தீட்டி வெளியிட்டார்கள். எனக்கென்னவோ கறுப்பு வெள்ளை நிலாதான் பிடித்திருக்கிறது.

கடைசியாக, தம்பியை லட்டைப் பார்க்க வைத்து எடுத்த பத்து விநாடிப் படத்தை ஒரு மாலை ஆயாவிடம் தயங்கித் தயங்கிக் காட்டினேன். ஆயா பொக்கை வாய் தெரியச் சிரித்து, இன்னொரு தரம் போடச் சொன்னார். நான் மெதுவாகக் கேட்டேன்.

“அன்னிக்கு நான் சொன்னப்ப ஏன் ஆயா எழுந்து போயிட்டே?”

“ஆறு மணிக்குள்ள கோயில் கடைக்குப் பூ குடுக்கணும்டா. நீ பேசிக்கினே இருந்தா?”

“இல்லை ஆயா, நிஜமில்லைன்னு சொன்னேனே...”

“லட்டு தானா வாய்க்குள்ள போவாதுன்னு எனக்குத் தெரியாதா நைனா? அப்பிடிப் போறதா இருந்தா நான் ஏன் அறுபது வருசமா பூ கட்டறேன்?” என்றவர், சற்று யோசித்து, “அது கெடக்கட்டும். அந்தச் சாவித்திரி ராட்சசன் மாரியே நடந்துச்சே, அது எந்த மிசின்ல பண்ணது?” என்று கேட்டார்.

“அதுக்கு மிசின் கிடையாது ஆயா.”

“அதானே பார்த்தேன்” என்று பூ நூலைக் கையில் எடுத்தார்.